தண்ணீருக்குள் மறுபடி நடை

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை 'வைத்திய வீரராகவர்' என்பார்கள். அமாவாசைதோறும் குளத்தில் வெல்லம் கரைத்து, நோய் தீர வேண்டிக்கொள்ள வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நினைக்கும்போது எனக்கு வேறொரு நீர்நிலை வேண்டியிருக்கிறது: பிசியோதெரபிக்கான வெந்நீர்த் தொட்டி. உயரத்தில் வேலை, கனத்த இரும்பு, லாரிகள் விரையும் ஜி.என்.டி. சாலை எல்லாம் சேர்ந்த வட்டாரத்தில் தண்டுவடக் காயம் எந்த வீட்டுக்கும் வரலாம். பக்கவாதமும் பார்க்கின்சனும் எங்கும் உண்டு.

தொட்டி நீரில் மருந்து ஏதும் கலப்பதில்லை. மிதப்பு விசைதான் வேலை செய்கிறது. இடுப்பளவு நீரில் கால்கள் தாங்கும் எடை ஏறக்குறையப் பாதியாகிறது. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளின் கால்களுக்கு அங்கே 6 கிலோதான் சுமை. தரையில் இருவர் தாங்கியும் நிற்க முடியாதவர், இங்கே ஒருவர் துணையோடு நின்றுவிடலாம்.

அதைவிடப் பெரிய உதவி, நீரில் விழ நேரமாகும் என்பது. தரையில் தடுமாறினால் கண்மூடித் திறப்பதற்குள் இடுப்பெலும்பு முறிந்துவிடலாம். நீரோ சாய்வைத் தாமதப்படுத்துகிறது. உடல் சாய்வதை மூளை உணர்ந்து அடுத்த அடியை எடுத்துவைக்க அவகாசம் கிடைக்கிறது. விழும் பயம் குறையாமல் நடை திரும்பாது.

நீரின் சூடு பொதுவாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். அந்த வெதுவெதுப்பில் இறுகிய தசை தளரும். பக்கவாதத்தில் மடங்கிப்போன விரல்களைச் சிகிச்சையாளர் நீருக்கடியிலேயே மெல்லப் பிரித்துவிடுவார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு மட்டும் சூடு ஆகாது. தளர்ச்சி கூடும், குளிர்ந்த நீரே நல்லது.

1921-ல் கால்கள் செயலிழந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ரூஸ்வெல்ட், 1924-ல் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுநீரில் பயிற்சியைத் தொடங்கினார். 1926-ல் அந்த இடத்தையே வாங்கி, போலியோ நோயாளிகளுக்கான மையமாக்கினார். நம் பக்கத்தில், 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். அதன் மறுவாழ்வு மையம் 1966-ல் திறக்கப்பட்டது. அப்படியொரு அக்கறை தொழிற்பேட்டையின் வாசலுக்கே வரவேண்டும்: சரிவுப் பாதை, நோயாளியைத் தூக்கி இறக்கும் கருவி, சுத்தமான நீர், கூடவே நீரில் இறங்கி நிற்கும் சிகிச்சையாளர்.

எல்லோரும் உடனே இறங்கிவிட முடியாது. கட்டுப்படாத வலிப்பு, தீவிர இதயக் கோளாறு, தொற்று இருந்தால் கூடாது. தண்டுவடக் காயம்பட்டவருக்குப் படுக்கைப் புண் வலிக்காமல் போகலாம். அதனால் ஒவ்வொரு முறையும் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்க்கவேண்டும். புண் ஆறிய பிறகுதான் தொட்டி.