வீட்டுக் கணிப்பொறியில் பூட்டாத கதவுகள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் மூச்சிரைக்கப் பங்கு இல்லத்திற்கு வந்தார். "சுவாமி, வீட்டுக் கம்ப்யூட்டர் முழுவதும் வைரஸ் என்று திரையில் எழுத்து ஓடுகிறது. உடனே ஒரு எண்ணுக்குப் பேசாவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமாம். மகளின் சான்றிதழ்கள், காலமான அம்மாவின் கடைசிப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேசட்டுமா?" என்று கேட்டார்.

பேச வேண்டாம் என்று சொல்லி, கணிப்பொறி பழுதுபார்க்கும் தொழில் கற்ற பங்கு இளைஞர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அவருடைய இல்லத்திற்குச் சென்றேன். சற்று நேரத்தில் உண்மை வெளிப்பட்டது. வைரஸைக் கண்டுபிடித்துச் சொன்ன செய்தியன்று அது. அந்தச் செய்தியே ஏமாற்று. எப்போதோ ஓர் இணையதளம் "அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்க, வீட்டில் யாரோ சம்மதம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதத்தின் வழியாகவே பொய் எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. தம்முடைய எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே தெரிவித்திருக்கிறது. எண்ணைக் கொடுத்துப் பேசச் சொல்லும் எச்சரிக்கை எதுவாயினும் அது மோசடியே.

எனினும், அந்தப் பெட்டி முற்றிலும் நலமாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. சோதித்துப் பார்த்ததில் உண்மையான தீநிரல்கள் இரண்டு அகப்பட்டன. பல்லாண்டுகளாக எவரும் தொடாத பழைய மென்பொருள்கள் பதினொன்று இருந்தன.

வீடு திரும்பும் வழியில் எனக்கே ஓர் உறுத்தல் ஏற்பட்டது. மறுநாள் காலை பங்கு அலுவலகக் கணிப்பொறியைத் திறந்து பார்த்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டின் அட்டவணையைத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அதே கணிப்பொறியில், காலாவதியான அதே மென்பொருள்களில் ஐந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. "நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்று நானும் இத்தனை காலம் இருந்துவிட்டேன். அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

வேலை செய்வது வேறு, காவலோடு இருப்பது வேறு

இலத்தீன் மொழியில் "வீருஸ்" என்றால் நஞ்சு என்று பொருள். குருமடத்தில் படித்த காலத்தில் அச்சொல் பிற்காலத்தில் வீடுதோறும் புழங்கும் என்று நாங்கள் எண்ணியதில்லை. கணிப்பொறிக்குத் தீங்கு செய்யும் நிரல்கள் அனைத்தையும் நாம் வைரஸ் என்றே சொல்லிவிடுகிறோம். ஆயினும் அவற்றில் வகைகள் உண்டு. மற்றொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். எவருடைய உதவியுமின்றி ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து செல்வது புழு. நல்ல பொருளைப் போல வேடமிட்டு நாமே உள்ளே அழைத்துவரச் செய்வது டிரோஜன். கிரேக்கர்களின் மரக்குதிரைக் கதையிலிருந்து பிறந்த பெயர் அது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது பணயத் தீநிரல்.

இவை உள்ளே நுழைவது எங்ஙனம்? மென்பொருள் என்பது மனிதர் எழுதுவது. பல்லாயிரம், பல இலட்சம் வரிகள் கொண்டது. அதில் பிழைகள் இல்லாதிருக்க முடியாது. சில பிழைகள் திருடனுக்குக் கதவாகின்றன. பிழை தெரிய வந்ததும் தயாரித்தவர் அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிடுகிறார். அதை நாம் ஏற்றுக்கொண்டால் கதவு மூடப்படும். ஆனால் தயாரித்தவர் ஒரு நாளைக் குறிப்பிட்டு, "இனி இம்மென்பொருளுக்குத் திருத்தம் இல்லை" என்று கைவிட்ட பிறகு, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் கதவுகள் திறந்தபடியே கிடக்கும். மென்பொருளோ முன்போலவே வேலை செய்யும். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

"நான் அதை உபயோகிப்பதே இல்லையே?" என்று சிலர் கேட்கலாம். நாம் உபயோகிக்காவிட்டாலும், மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறக்கும்போது அந்தப் பழைய மென்பொருளே விழித்தெழுந்து அதைத் திறக்கக்கூடும். பூட்டாத கொல்லைக் கதவு, நாம் அவ்வழியே நடப்பதில்லை என்பதற்காகப் பூட்டப்பட்டதாகிவிடுமா?

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. விண்டோஸில் இருந்த ஒரு பிழைக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. சரியாக 59 நாட்கள் கழித்து, மே 12 அன்று, "வான்னாகிரை" என்னும் பணயத் தீநிரல் அதே பிழையின் வழியாக நுழைந்து, புழுவைப் போல் ஊர்ந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பில் 19,000க்கும் மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் அதனால் இரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களாகக் காத்திருந்தது, ஏற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை.

எவற்றை நீக்குவது?

கணிப்பொறியில் "செட்டிங்ஸ்" பகுதியைத் திறந்து, "ஆப்ஸ்" என்பதற்குள் சென்றால், உள்ளே குடியிருக்கும் மென்பொருள்கள் அனைத்தும் பட்டியலாக வரும். வேண்டாததைத் தேர்ந்து "அன்இன்ஸ்டால்" என்பதை அழுத்தினால் அது முறைப்படி வெளியேறும். கோப்புறையை மட்டும் அழிப்பது போதாது.

அப்பட்டியலில் முதலில் தேட வேண்டியது "ஃபிளாஷ் பிளேயர்". ஒரு காலத்தில் இணையத்துப் படங்களும் விளையாட்டுகளும் அதனால்தான் ஓடின. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதவாறு தடுத்ததோடு, அனைவரும் அதை நீக்கிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. ஆகவே "ஃபிளாஷைப் புதுப்பியுங்கள்" என்று இனி எந்தத் தளம் கேட்டாலும் அது பொய்யே. ஆப்பிள் நிறுவனம் 2016-இல் கைவிட்ட விண்டோஸ் "குவிக்டைம்", மைக்ரோசாப்ட் 2021 அக்டோபரில் கைவிட்ட "சில்வர்லைட்" ஆகியவையும் நீக்கத் தக்கவை. "ஜாவா" பல வீடுகளில் இரண்டு மூன்று பதிப்புகளாகக் கிடக்கும். முன்னாட்களில் புதியது வந்தாலும் பழையது தானே விலகாததே காரணம். அதைக் கேட்கும் மென்பொருள் எதுவும் வீட்டில் இல்லையென்றால் எல்லாவற்றையும் நீக்கலாம்.

அடுத்தபடியாக, "கணிப்பொறியை வேகமாக்குவோம்", "டிரைவர்களைப் புதுப்பிப்போம்" என்று தாமாக வந்து அமர்ந்தவை, உலாவியின் தலையில் ஏறிய கருவிப்பட்டைகள், திருட்டுப் பதிப்புகள் ஆகியவற்றையும் அனுப்பிவிடுங்கள். விலையுள்ள மென்பொருளைப் பூட்டுடைத்து இலவசமாகத் தருபவன், அதனுள் வேறொன்றையும் வைத்துத் தருவது சாதாரணம்.

ஒரு ஜாக்கிரதை. "விஷுவல் சி பிளஸ் பிளஸ்", "டாட் நெட்" என்று தொடங்கும் பெயர்களையும், அச்சுப்பொறி, ஒலி, திரை ஆகியவற்றுக்கு உரியவற்றையும் பெயர் புரியவில்லை என்பதற்காக நீக்காதீர்கள். மற்ற மென்பொருள்கள் அவற்றை நம்பி நிற்கின்றன. ஐயம் எழுந்தால் தெரிந்தவரைக் கேட்ட பின்னரே கை வையுங்கள்.

துப்புரவின் வரிசை

தீநிரல் புகுந்துவிட்டது என்று ஐயுற்றால் பதறாமல் பின்வரும் ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலாவது, இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். பொய் எச்சரிக்கை திரையை மறைத்தால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, "டாஸ்க் மேனேஜர்" வழியாக உலாவியை மூடிவிடலாம்.

இரண்டாவது, மீண்டும் கிடைக்காதவற்றை, அதாவது படங்களையும் ஆவணங்களையும் மட்டும், வெளி வன்தட்டில் நகலெடுங்கள், மென்பொருள்களை நகலெடுக்காதீர்கள். முடிந்ததும் வன்தட்டைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே இருந்தால், பணயத் தீநிரல் அதையும் பூட்டிவிடும். அதிலுள்ளவற்றைப் பின்னர் சோதித்த பிறகே திறக்க வேண்டும்.

மூன்றாவது, மேற்சொன்ன மென்பொருள்களை நீக்குங்கள். உலாவியில் நாம் சேர்க்காத நீட்சிகளை அகற்றி, அறிவிப்பு அனுப்ப எந்தெந்தத் தளங்களுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்று பார்த்து அதை இரத்து செய்யுங்கள்.

நான்காவது, இணையத்தை மீண்டும் இணைத்து, விண்டோஸுடனேயே வரும் "டிஃபெண்டர்" காவலனைப் புதுப்பித்து, முழுச் சோதனை நடத்துங்கள். அதன்பின் அதிலேயே உள்ள "ஆஃப்லைன் ஸ்கேன்" என்பதையும் செய்யுங்கள். விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னரே, ஒளிந்து கிடக்கும் தீநிரலைத் தேடும் சோதனை அது. ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். மேலும் ஒரு சோதனை வேண்டுமானால், இந்திய அரசு 2017-இல் தொடங்கிய "சைபர் ஸ்வச்சதா கேந்திரா" தளத்தில் இலவசக் கருவிகள் உள்ளன. எப்போதும் காவல் நிற்கும் இரண்டு நச்சுநிரல் தடுப்பான்களை மட்டும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அவை ஒன்றோடொன்று மோதும்.

ஐந்தாவது, எஞ்சியிருக்கும் மென்பொருள்கள் அனைத்தையும் புதுப்பியுங்கள்.

கடவுச்சொற்களை மாற்ற மட்டும் துப்புரவு முடியும்வரை காத்திராதீர்கள். மின்னஞ்சலுக்கு முதலிலும் வங்கிக்கு அடுத்தும், நலமாயுள்ள வேறொரு கருவியிலிருந்து, அன்றே மாற்றிவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும் 1930 என்ற அரசு உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைந்து சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் நோய் திரும்பினால், விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுவதே மேல்.

பெட்டியே பழையதானால்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கோ "டிபிஎம் 2.0" என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், பழைய பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. புதிது வாங்க வசதியில்லாத குடும்பங்கள் மனம் தளர வேண்டியதில்லை. "உபுண்டு", "லினக்ஸ் மிண்ட்" போன்ற இலவச இயங்குதளங்களை நிறுவினால், கடிதம் எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் அப்பெட்டியே போதும். அதுவும் இயலாதெனில் இணையத்தோடு இணைக்காமல் உபயோகிக்கலாம்.

ஆப்பிள் கணிப்பொறிக்கு நோயே வராது என்று சிலர் நம்புவதும் சரியன்று. ஃபிளாஷ் வேடத்தில் 2011-இல் தோன்றிய "ஃபிளாஷ்பேக்" என்னும் தீநிரல், மறு ஆண்டு, திருத்தப்படாத ஜாவாவின் வழியாக ஏறத்தாழ 6 இலட்சம் ஆப்பிள் கணிப்பொறிகளில் புகுந்தது.

இல்லத்தில் ஓர் ஒழுங்கு

அன்று அந்த வீட்டில் வேலை முடிந்தபோது இரவு பத்தாகியிருந்தது. சான்றிதழ்கள் பிழைத்தன, பாட்டியின் படங்களும் பிழைத்தன. "அந்த எண்ணுக்குப் பேச வேண்டாம் என்று நான்தான் அப்பாவிடம் முதலில் சொன்னேன், சுவாமி, அவர் கேட்கவில்லை" என்றாள் மகள். தந்தை தலைகுனிந்து சிரித்தார். இக்காலத்தில் இவ்விஷயத்தில் பிள்ளைகள் சொல்வதைப் பெற்றோர் கேட்பதில் குறைவொன்றுமில்லை. அதே சமயம் "சம்மதம்" என்பதை அழுத்தியது யார் என்று அவ்வீட்டில் எவரும் விசாரிக்கவில்லை. அதுவும் நன்றே. தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை அடுத்த முறை மறைத்துவிடும். மறைத்த நோய் முற்றும்.

பங்கு அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மென்பொருள் பட்டியலைப் பார்க்கிறோம். வேண்டாதது வெளியேறுகிறது, வேண்டியது புதுப்பிக்கப்படுகிறது, அட்டவணையின் நகல் வன்தட்டில் ஏறுகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. அன்றாட உபயோகத்துக்கு நிர்வாக உரிமையில்லாத தனிக் கணக்கு ஒன்றையும் வைத்துக்கொண்டோம். அதிலிருந்து எவரும் அறியாமல் எதையும் நிறுவுவது எளிதன்று.

அன்பு வாசகர்களே, பண்டிகைக்கு முன் பரணை ஒழிக்கத் தவறாத குடும்பங்கள் நம்முடையவை. அந்த அக்கறையில் அரை மணி நேரத்தை உங்கள் கணிப்பொறிக்கும் கொடுங்கள். இன்று மாலையே பட்டியலைத் திறந்து, ஃபிளாஷ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.