எஃகின் இரைச்சல்

உங்கள் முன் இருப்பவை ஓர் இரும்புத் துண்டு, அதைச் சுற்றிய கம்பிச்சுருள், மின்பெருக்கி, ஒலிபெருக்கி. ஒரு காந்தத்தை மெதுவாக இரும்பின் அருகே கொண்டு வாருங்கள். மணல் கொட்டுவதுபோன்ற சரசரப்பு கேட்கும்.

1919-இல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் பார்க்ஹவுசன் கண்டறிந்த ஒலி இது. இரும்புக்குள் நுண்ணிய காந்தப் பகுதிகள் பல உள்ளன. வெளிக்காந்தம் நெருங்கும்போது அவற்றின் எல்லைகள் சீராக நகர்வதில்லை. தடைகளில் சிக்கி, விடுபட்டுத் தாவுகின்றன. ஒவ்வொரு தாவலும் சுருளில் ஒரு சிறு மின்துடிப்பை எழுப்புகிறது. இரும்பின் உள்ளே நடப்பதைக் காதால் கேட்க முடிந்தது அறிவியலில் அரிய பேறு.

இன்று பற்சக்கரம், கேம்ஷாஃப்ட், பேரிங், விமானத்தின் தரையிறங்கு கால்கள் ஆகியவற்றைச் சேதப்படுத்தாமல் சோதிக்க இந்த இரைச்சல் உதவுகிறது. கடினப்படுத்திய எஃகைக் கிரைண்டிங் செய்யும்போது வெப்பம் மிகுந்தால் மேற்பரப்பு இளகும். அங்கே இழுவிசைத் தகைவும் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் காயத்திலிருந்துதான் பின்னாளில் விரிசல் தொடங்கக்கூடும். இளகிய இடத்தில் எல்லைகள் எளிதாகத் தாவுவதால் இரைச்சல் கூடுகிறது. இழுவிசையும் அதைக் கூட்டுகிறது. மேற்பரப்பை அழுத்தும் தகைவு இருந்தால் இரைச்சல் குறையும்.

முன்பு இந்த வெப்பக் காயத்தைக் கண்டறிய உதிரிபாகங்களை நைட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்து, நிற மாற்றத்தைப் பார்த்தார்கள். பல ஆலைகளில் இன்றும் அம்முறை உண்டு. காந்த முறைக்கு அமிலம் வேண்டாம். உணரியை மேற்பரப்பில் வைத்தாலே போதும்.

இரைச்சல் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்வரையே தகவல் தரும். காந்தத்தால் ஈர்க்கப்படாத துருப்பிடிக்கா எஃகு வகைகளுக்கு இம்முறை பயன்படாது.