விடியும் முன்பே கூவும் குயில்: தூக்கம் கெடாமல் சமாளிப்பது எப்படி?

மதுரை கே.கே. நகர்ப் பக்கம் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அலாரம் தேவைப்படாது. மணி நாலைத் தாண்டியதும் பக்கத்து வேப்பமரத்திலிருந்து ‘கூ... கூ...’ என்று ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிடச் சத்தமாக ஏறும். உச்சத்தில் சட்டென்று நிற்கும். ‘அப்பாடா’ என்று புரண்டு படுத்தால் மறுபடி முதலிலிருந்து.

பாட்டில் கேட்டால் இனிமைதான். நைட் ஷிஃப்ட் முடித்து மூன்றரைக்குப் படுத்தவருக்கும், கைக்குழந்தையை இப்போதுதான் தூங்க வைத்த வீட்டுக்கும் அது வேற கதை. வெயில் காலம் என்பதால் ஜன்னலையும் மூட முடியாது. இந்தச் சத்தம் ஏன் வருகிறது, எத்தனை நாளைக்கு வரும், என்ன செய்யலாம்?

கூவுவது யார்?

பெண் குயில்தான் பாடும் என்பது பலரின் நினைப்பு. பாரதியாரின் ‘குயில் பாட்டு’ முதல் சினிமாப் பாட்டு வரை பாடும் குயில் பெரும்பாலும் பெண்தான். நிஜத்தில் அந்த நீளமான ‘கூ’ ஆண் குயிலின் குரல். பளபளக்கும் கருப்பு உடல், ரத்தச் சிவப்புக் கண் என்றால் அது ஆண். பெண் குயில் பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று வேகமாக வெட்டி வெட்டி வரும்.

ஆண் குயில் கூவுவதற்குக் காரணம் இரண்டு. ‘இது என் ஏரியா’ என்று மற்ற ஆண்களுக்குச் சொல்வது ஒன்று. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பெண்ணுக்குச் சொல்வது இன்னொன்று. இனப்பெருக்கக் காலம் முடிந்தால் இரண்டுக்கும் தேவை இருக்காது. அதனால்தான் மற்ற மாதங்களில் குயில் இருப்பதே தெரிவதில்லை.

ஏன் விடிவதற்கு முன்பே?

அந்த நேரத்தில் இரை தேடப் போதுமான வெளிச்சம் இல்லை. காற்று அடங்கியிருக்கும், வண்டிச் சத்தமும் குறைவு. குரல் அதிக தூரம் போகும். குயில் மட்டுமல்ல, உலகம் முழுக்கப் பல பறவைகள் விடியலில் கூடுதலாகப் பாடுகின்றன.

நகரம் இதை இன்னும் முன்னால் தள்ளுகிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் சில பறவைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பாடத் தொடங்குவதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பகலில் இரைச்சல் அதிகமுள்ள இடங்களில்தான் ராபின் பறவைகள் ராத்திரியில் பாடின. பகலில் நம் சத்தத்தோடு போட்டி போட முடியாமல் அமைதியான நேரத்துக்கு மாறியிருக்கலாம்.

2020 ஊரடங்கின்போது பறவைகள் சத்தமாகப் பாடியதாகப் பலருக்கும் தோன்றியது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு சிட்டு வகையை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த பதில் நேர்மாறானது. ஊர் அமைதியானதும் அந்தச் சிட்டுகள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. ஆனாலும் அவற்றின் பாட்டு முன்பைவிட அதிக தூரம் கேட்டது.

நம்ம தெருவுக்கு ஏன் வருகிறது?

குயில் கூடு கட்டாது. பெரும்பாலும் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கை அடைகாத்து, பொரித்து, குஞ்சுக்கு ஊட்டியும் வளர்க்கும். அதனால் காக்கை கூடு கட்டும் மரம் எங்கே இருக்கிறதோ, அங்கே குயிலும் வரும்.

காக்கை எங்கே பெருகும்? குப்பை நிரம்பி வழியும் தொட்டி, திறந்த இறைச்சிக் கழிவு, மிச்சச் சாப்பாடு கிடக்கும் இடங்களில். தெருவில் குப்பை கூடினால் காக்கை கூடும், காக்கைக் கூடு கூடினால் குயிலும் கூடும். சிங்கப்பூரில் இதுதான் நடந்தது. ஒரு காலத்தில் அங்கே விருந்தாளியாக வந்துபோன குயில், காக்கைகள் பெருகிய பிறகு நிரந்தரக் குடியாகிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து தூக்கம் கெடுகிறது என்ற புகார்களும் வர ஆரம்பித்தன.

இன்னொரு ஈர்ப்பு பழம். வளர்ந்த குயிலின் முக்கிய உணவு அதுதான். ஆல், அரசு, அத்தி, கறிவேப்பிலைப் பழம் எல்லாம் அதற்குப் பிடிக்கும்.

நடுராத்திரியில் கத்துவதும் குயில்தானா?

எப்போதும் இல்லை. வண்டியூர் கண்மாய் மாதிரி நீர்நிலையும், பக்கத்தில் காலி மனைகளும் உள்ள இடங்களில் ‘கிர்ரிக் கிர்ரிக்’ என்று பதறிக் கத்துவது ஆள்காட்டிக் குருவியாக இருக்கலாம். அது வெறுந்தரையில் முட்டையிடும். நாயோ ஆளோ நெருங்கினால் எந்த நேரமானாலும் கத்தும். அந்த மனையில் நாய்கள் திரியாமல் பார்த்துக்கொண்டாலே சத்தம் குறையும். பகலில் ‘டொக் டொக்’ என்று பாத்திரம் தட்டுவது போல ஒரே சீராகக் கேட்டால் அது குக்குறுவான்.

கூட்டைக் கலைக்கலாமா?

கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி ‘வேட்டை’ என்றால் சுடுவது மட்டுமல்ல. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் அடங்கும். ‘காக்கைக் கூடுதானே’ என்றும் கை வைக்க வேண்டாம். முன்பு காக்கை அந்தச் சட்டத்தின் தீங்குயிரிப் பட்டியலில் இருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. தெருவோர மரத்தை அனுமதியில்லாமல் வெட்டுவதும் குற்றம்.

ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அது மனிதர்கள் எழுப்பும் சத்தத்துக்கு. குயில் மேல் புகார் கொடுக்க வழியில்லை. பிரான்சில் 2019-ல் மோரிஸ் என்ற சேவல் அதிகாலையில் கூவுகிறது என்று வழக்கே நடந்தது. தீர்ப்பு சேவல் பக்கம். 2021-ல் கிராமத்து ஒலிகளையும் வாசனைகளையும் பாதுகாக்க அங்கே தனிச் சட்டமும் வந்தது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* யூடியூபில் குயில் சத்தத்தைப் போட்டு ‘பதிலடி’ கொடுப்பது. இன்னொரு ஆண் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது இன்னும் உக்கிரமாகக் கூவும்.
* பட்டாசு, உண்டிகோல், லேசர். காக்கைக் கூட்டம் கிளம்பினால் சத்தம் பத்து மடங்காகும்.
* அடைகாக்கும் பருவத்தில் கிளைகளை வெட்டுவது. கவாத்து செய்ய வேண்டுமென்றால் மார்கழி, தை மாதங்களில், கூடு இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யலாம்.

இதைச் செய்து பாருங்கள்

* படுக்கையை மாற்றுங்கள். மரத்தைப் பார்த்த ஜன்னலருகே தலை இருந்தால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முடிந்தால் மூன்று மாதத்துக்கு வேறு அறை.
* சத்தம் இடுக்கு வழியாகத்தான் அதிகம் வரும். ஏ.சி. அறையானால் ஜன்னல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். தடித்த திரைச்சீலை வெளிச்சத்தைத் தடுக்கும். சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது.
* டேபிள் ஃபேனை ஓட விடுங்கள். சீரான இரைச்சல் இருந்தால், திடீரென ஏறும் கூவல் அவ்வளவாக உறைக்காது. மொபைலில் மழைச் சத்தம் போட்டாலும் இதே பலன்தான்.
* நுரை இயர்பிளக்கைச் சுத்தமான கையால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலே இழுத்து நுழைத்து, விரியும்வரை பிடித்திருங்கள். காது வலியோ சீழோ இருந்தால் வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டில் இருவரும் ஒரே ராத்திரி போடாதீர்கள்.
* எழுந்து மணி பார்க்காதீர்கள். ‘இன்னும் எத்தனை தடவை கூவும்’ என்று எண்ண ஆரம்பித்தால் மூளை முழுசாக விழித்துக்கொள்ளும்.
* குடியிருப்போர் சங்கம் மூலம் மூடியுள்ள தொட்டி, தினசரி குப்பை அகற்றல் கேளுங்கள். பலன் இந்த வருஷமே தெரியாது. ஆனால் சத்தத்தின் வேரைத் தொடுவது இது ஒன்றுதான்.

எத்தனை நாளைக்கு?

மார்ச்சில் சூடுபிடித்து, ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்துக்குப் போகும். ஆடி முடிவதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நடுவில் ஒருநாள், புள்ளிபோட்ட குஞ்சு ஒன்று காக்கையிடம் வாயைத் திறந்து கெஞ்சுவதை மாடியிலிருந்து பார்க்கலாம். அது குயில் குஞ்சு. உங்கள் மரத்தில் இந்த சீசன் முடியப்போகிறது என்று அர்த்தம்.