ஊசிக்கும் உணவுக்கும் இடையே

கடந்த ஆண்டு, காலில் ஏற்பட்ட புண்ணுக்காக என் மனைவி ஒன்பது நாள்கள் தனியார் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. அவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மூன்றாம் நாள் இரவு ஏழரை மணிக்கு, உணவுக்கு முன்னர் போட வேண்டிய இன்சுலினைப் போட்டார்கள். அடுத்த சில நிமிடங்களில் ஸ்கேன் எடுக்க அழைப்பு வந்தது. சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே அறையில் இருந்தது. ஒன்பது மணிக்குத் திரும்பியபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பேசினார். ரத்தச் சர்க்கரை 48. குளுக்கோஸ் ஏற்றிய பிறகே தெளிந்தார்.

செவிலியர் நேரம் தவறாமல் ஊசி போட்டார். ஸ்கேன் பிரிவு வரிசைப்படி அழைத்தது. சமையலறை உணவை அனுப்பியது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. வேலைப் பகிர்வின் மேன்மையை வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் விளக்கியவன் நான். பகிர்ந்த வேலைகளை இணைப்பதும் ஒரு வேலை என்பதை அவ்வளவு அழுத்திச் சொன்னதாக நினைவில்லை.

நோயுற்ற உடல் கார்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புகளைக் கூடுதலாக வெளியிடுகிறது. கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. ஆகவே, வீட்டில் கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரைகூட மருத்துவமனையில் ஏறும். காலையில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், வெறும்வயிற்று அளவு நன்றாக இருக்க, பிற்பகலில் எகிறும். ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களின் ஆற்றலைக் குறைத்துப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

அப்படியானால், முடிந்தவரை குறைத்துவிடுவதுதானே நல்லது? மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படி நம்பியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. சர்க்கரையை 81 முதல் 108-க்குள் இறுக்கிப் பிடித்த பிரிவில் 27.5 விழுக்காட்டினர் இறந்தனர். 180-ஐத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொண்ட பிரிவில் 24.9 விழுக்காடு. தாழ்சர்க்கரையும் முதல் பிரிவில்தான் மிகுதி. இன்று பெரும்பாலான உள்நோயாளிகளுக்கு 140 முதல் 180 வரை போதும் என்கின்றனர். உறவினர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். நானும் சுளித்தவன்தான்.

சர்க்கரை ஏறிய பிறகு, ஏறிய அளவுக்கேற்ப ஊசி போடுவது மட்டுமே சிகிச்சை என்ற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. வெள்ளம் வந்தபின் மணல்மூட்டை அடுக்கும் வேலை அது. நாள் முழுவதற்கும் ஓர் அடிப்படை இன்சுலின், உணவுக்கேற்ப ஒன்று, தேவைப்பட்டால் திருத்தத்துக்குச் சிறிதளவு என்பதே பொருத்தமான முறை. ஆனால், உணவு எப்போது வரும், நோயாளி எவ்வளவு உண்பார் என்று தெரியாமல் இதைச் செயல்படுத்த முடியாது. நான்காம் நாள் முதல், தட்டைத் திறந்து வைத்ததைப் பார்த்த பிறகே செவிலியர் ஊசியை எடுத்தார். கூடுதல் செலவு ஏதுமில்லை.

வீடு திரும்பும் நாளில் கொடுத்த தாளில் இன்சுலின் அளவு அப்படியே இருந்தது. தொற்று உச்சத்தில் இருந்தபோது தேவைப்பட்ட அளவு அது; புண் ஆற ஆறத் தேவை குறையும். எப்போது, எவ்வளவு குறைப்பது என்று தாளில் இல்லை. நாங்கள் கேட்டோம். மருத்துவர் பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக் கொடுத்தார்.