கம்மிய குரல்: மூன்று வாரங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்

காஞ்சிபுரத்தில் குரலை நம்பி வாழ்வோர் பலர். திருக்கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள், வரதராசப் பெருமாள் கோயிலில் திவ்வியப் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியினர், ஆசிரியர்கள், பட்டுக்கடை விற்பனையாளர்கள் ஆகியோர் அவர்களுள் சிலர். தறியோசைக்கு மேலே பேசிப் பழகிய நெசவாளர் குடும்பங்களும் இவ்வாறே. இரைச்சலுள்ள இடத்தில் நம்மை அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம். அந்தச் சுமை முழுவதையும் குரல்வளையே தாங்குகிறது.

குரல் எவ்வாறு பிறக்கிறது?

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. பேசும்போது அவை நெருங்கி வர, நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறையும் அவை அதிர்கின்றன. நாண்களின் ஓரங்கள் தடித்தாலோ, அவை சரியாக ஒன்றுசேராவிட்டாலோ குரல் கம்முகிறது.

குரல் ஏன் மாறுகிறது?

சளி, காய்ச்சலால் வரும் தொண்டைக்கட்டு பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். ஓயாமல் உரக்கப் பேசுவோருக்கும், கத்தி விளையாடும் குழந்தைகளுக்கும் நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றலாம். இவற்றுள் பல, அறுவை சிகிச்சையின்றிக் குரல் பயிற்சியாலேயே குணமாகின்றன. இரைப்பை அமிலம் எதுக்களித்தல், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம்.

குரல் நாண்களை இயக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டிச் செல்கிறது. எனவே கழுத்திலோ மார்பிலோ ஏற்படும் கட்டி, காயம், அறுவை சிகிச்சை ஆகியவற்றாலும் குரல் மாறக்கூடும். 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டடிபட்ட எம்.ஜி.ஆரின் குரல் மாறிப்போனதை மூத்தவர்கள் அறிவர். அந்த மாறிய குரலுடனேயே அவர் தொடர்ந்து நடித்தார். 1977இல் முதலமைச்சரும் ஆனார். குரல் மாறியவர் பேசக் கூச வேண்டியதில்லை.

எப்போது வர வேண்டும்?

கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கட்டாயம் காண வேண்டும். குரல் நாணில் தோன்றும் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியற்ற கம்மல்தான். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நோயைக் குணப்படுத்துவதோடு, பெரும்பாலும் குரலையும் காக்க இயலும். மிளகும் மிட்டாயும் மட்டுமே நம்பி மாதங்களைக் கடத்தினால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. மதுவும் சேர்ந்தால் இன்னும் மிகுதி.

விழுங்குவதில் சிரமம், சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவை இருந்தால் மூன்று வாரம் காத்திராமல் உடனே வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். மெல்லிய கேமராக் குழாயால் குரல் நாண்களைக் காணும் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

குரலைப் பேணுவோம்

• அடிக்கடி தண்ணீர் அருந்துங்கள். சிறுநீரக, இதய நோயாளிகள் மருத்துவர் கூறிய அளவை மீற வேண்டாம்.
• தொண்டை கட்டியிருக்கும்போது குரலுக்கு ஓய்வு கொடுங்கள். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது. அதுவும் நாண்களை வருத்தும்.
• அடிக்கடி கனைக்காதீர்கள். ஒரு மிடறு நீர் பருகுங்கள்.
• ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்தியபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.
• இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கட்டும்.
• புகையை அறவே விடுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தமானால், அவரிடம் நாள்தோறும் உரக்கப் பேசுபவரின் குரலும் கெடும். அவருக்குச் செவிப் பரிசோதனை செய்து, தேவையெனில் காது கேட்கும் கருவி பொருத்தினால் இருவருக்கும் நன்மை. மேலும், ஒருவரின் குரல் மெல்ல மாறுவதை அவரைவிட உடனிருப்பவர்களே முதலில் உணர்வார்கள். அவ்வாறு உணர்ந்தால் அவரை அழைத்து வாருங்கள்.