மிதப்பனவும் மிதத்தற் சொற்களும்

புணை, தெப்பம், மிதவை, ஓடம், தோணி, வள்ளம், கலம் என நீர்மேற் செல்வனவற்றைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பலவாகும். செய்யுள் செய்வோர்க்கு உதவும் பொருட்டு எழுந்த நிகண்டுகள் இத்தகைய சொற்களை அடுக்கித் தருவனவேயன்றி, அப்பொருள்கள் எங்ஙனம் மிதந்தன என்று கூறுவனவல்ல. அதனை அறிய, அவற்றைச் செய்து கடலில் இறக்கிய மக்களின் தொழிலை நோக்குதல் வேண்டும்.

நீரில் ஆழ்ந்த பொருளின்மீது, அது இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பு தொழிற்படும் என்பது ஆக்கிமிடிசின் தத்துவம். இதனைக் கொண்டு நோக்கின் மிதக்கும் வழிகள் இரண்டெனலாம். ஒன்று, பொருளே நீரினும் இலகுவாயிருத்தல். மற்றையது, உள்ளே வெற்றிடம் அமைத்து, தன் நிறைக்கு வேண்டிய நீரை இடம்பெயர்த்தல். முன்னையது மரத்தின் இயல்பினால் மிதப்பது; பின்னையது வடிவத்தினால் மிதப்பது. நீரினும் ஏழு மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள இரும்பிற் செய்த கப்பல் மிதப்பதும் இப்பின்னைய வழியினாலேயே.

தமிழ்ச் சொற்கள் இவ்வேறுபாட்டைத் தம்முட் கொண்டுள்ளன. கலம் என்பது மட்கலத்தையும் உண்கலத்தையும் குறிக்கும். தானியம் அளக்கும் அளவையும் கலமே. கடலிற் செல்வது மரக்கலம். வள்ளம் என்ற சொல்லும் உண்ணும் கிண்ணத்தையும், முகத்தலளவையையும், மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தையும் ஒருங்கே குறித்தது. கொள்ளும் இயல்பே, அதாவது உள்ளீடற்ற வடிவமே, இப்பெயர்களுக்கு அடிப்படை என்பது எமது கருத்து. கட்டுமரமோ எதனையும் கொள்வதில்லை. அதன் பெயர் அதன் செய்முறையையே கூறுகின்றது. (மிதத்தலோடு மிதம் என்பதனைத் தொடர்புபடுத்துவாருமுளர். மிதம் அளவெனப் பொருள்படும் வடசொல், இரண்டும் வேறு.)

கட்டுமரத்தில் ‘கட்டு’ என்பதே முக்கியமானது. இலகுவான மரங்கள் சிலவற்றைக் கயிற்றாற் பிணைத்துக் கடலில் இறக்குவர். கரை மீண்டதும் கட்டவிழ்த்து மணலில் உலர விடுவர். நீர் ஊறிய மரம் நிறை கூடி மிதப்புக் குன்றும் என்பதை அவர்கள் எவ்வித நூலுமின்றி அறிந்திருந்தனர். அலை அதன்மீது ஏறினும் இடைவெளிகளூடாக நீர் வடிந்துவிடும். நிறைந்து அமிழ்வதற்கு அதில் உள்ளிடம் இல்லை. அலைமோதும் திறந்த கரைகளில் கட்டுமரம் நிலைத்தமைக்கு இதுவே காரணம்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் (192) வரும் புணை, ஆற்றுநீர் இழுத்த வழியே செல்வது. அதனை ஊழின் உவமையாகப் பலரும் எடுத்தாள்வர். ஆயின் அது கரையில் நின்றோ, ஆற்றோடு போயோ காணும் புணை. துடுப்பேந்தி அலையைக் குறுக்கே பிளந்து செல்லும் மீனவனின் மரம் நீர்வழிப் போவதன்று. மிதக்கும் முறை ஒன்றாயினும், அதனோடு கூடிய உழைப்பு அதன் பொருளை மாற்றிவிடுகின்றது.

கட்டுமரம் என்ற சொல் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துட் புகுந்தது. பின்னர் நிகழ்ந்தது விநோதமானது. 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷொவ் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடற் பாய்வள்ளத்தை ஓட்டினார். அத்தகைய வள்ளங்களுக்கே அப்பெயர் நிலைத்தது. இன்று அலுமினியத்தாலான விரைவுப் பயணக் கப்பல்களும் அப்பெயரையே தாங்குகின்றன. அவை கட்டப்பட்டவையுமல்ல, மரமுமல்ல. உள்ளீடற்ற இரு கலங்கள். ஓரினத்தின் பெயர் எதிரினத்துக்குச் சென்றுவிட்டது.

சொல் இடம்பெயர்ந்தது ஒருபுறமிருக்க, பொருளும் கரையை விட்டகன்று வருகின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின் தமிழகத்திலும் இலங்கையிலும் நிவாரணமாகப் பெரிதும் வழங்கப்பட்டவை கண்ணாடிநார் வள்ளங்களே. கண்ணாடிநாரும் அதனைப் பிணைக்கும் பிசினும் நீரினும் அடர்த்தி கூடியவை. ஆகவே துளைபட்ட வள்ளம் தானாக மிதவாது. இதனாற்றான் அதன் பக்கவறைகளில் இலகுவான நுரைப்பொருளை அடைத்து மூடுகின்றனர். வடிவத்தினால் மிதக்கும் கலத்தினுள்ளே, பொருளினால் மிதக்கும் புணையொன்று மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றது எனலாம்.

ஆயினும் இரண்டிற்கும் இடையிலான உற்பத்தி உறவு ஒன்றன்று. கட்டுமரத்துக்கு வேண்டியவை மரமும் கயிறும் துடுப்பும் பாயும் உழைப்புமே. புதிய வள்ளம் இயந்திரத்தையும் எரிபொருளையும், அவற்றுக்கான கடனையும் உடன் கொணர்ந்தது. அது மீனவரைத் தொலைவுக்கும் விரைவாகவும் இட்டுச் சென்றது என்பதை மறுப்பதற்கில்லை. பழைய மரத்துக்குத் திரும்புக என எவரும் அவர்களுக்கு உபதேசிக்கவும் இயலாது. ஆனால் 2022இல் மண்ணெண்ணெய் கிடையாது போனபோது, இலங்கைக் கரைகளில் வள்ளங்கள் பல பழுதேதுமின்றியே மணலிற் கிடந்தன.