கூகிளில முன்னுக்கு வாறது ஆர்? ரேங்க், ஸ்கோர், எங்கட பக்கங்கள்

இந்தக் கிழமை எபிசோட்டில தேடுபொறிகளைப் பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் விட்ட பகுதி இது: ஒரு வெப்சைட்டுக்கு ஆர் மார்க்ஸ் போடுறது, அந்த மார்க்ஸ் எப்பிடி வருது, தமிழ்ப் பக்கங்கள் அதில ஏன் பின்னுக்கு நிக்குது?

ஸ்காபரோவில சின்னதா பிசினஸ் நடத்துற சொந்தக்காரர் ஒருத்தராவது உங்களுக்கு இருப்பார். கேட்டரிங், மணவறை டெக்கரேஷன், டியூஷன், ஏதோ ஒண்டு. "உங்கட சைட்டை கூகிளில முதல் பக்கத்துக்குக் கொண்டுவாறம், மாசம் இவ்வளவு" எண்டு அவருக்கு ஒரு போன் கோல் வந்திருக்கும். கூடவே ஒரு ரிப்போர்ட்டும் வரும்: ட்ராஃபிக் ரேங்க் இவ்வளவு, அதோரிட்டி ஸ்கோர் இவ்வளவு. அந்த ரெண்டு நம்பரும் என்ன எண்டு விளங்கினால், காசு குடுக்கலாமா இல்லையா எண்டு நீங்களே அவருக்குச் சொல்லலாம்.

எத்தினை பேர் வந்தவை?

முதல்ல ட்ராஃபிக் ரேங்க். ஒரு சைட்டுக்கு எத்தினை பேர் வந்தவை எண்டது அந்த சைட் நடத்துறவருக்குத்தான் தெரியும். வெளியில நிக்கிற ஆள் ஊகிக்கத்தான் வேணும். அந்த ஊகத்தைப் பிரபலமாக்கினது அலெக்ஸா இன்டர்நெட். (அமேசானின்ர கதைக்கிற ஸ்பீக்கர் இல்லை. அதுக்கு முந்தினது.) 1996இல புரூஸ்டர் கேல், புரூஸ் கிலியட் எண்ட ரெண்டு பேர் தொடங்கின கம்பனி. 1999இல அமேசான் வாங்கினது. பிரவுசரில அலெக்ஸா டூல்பார் போட்டிருந்த ஆக்கள் எங்கெங்க போகினம் எண்டு பார்த்து, மூண்டு மாசக் கணக்கை வைச்சு சைட்டுகளை 1, 2, 3 எண்டு அடுக்கிச்சு.

பிரச்சினை விளங்குதா? டூல்பார் போட்ட ஆக்கள் மட்டும்தான் கணக்கு. ஒவ்வொரு நாளும் காலமை தேத்தண்ணியோட தமிழ்ச் செய்திப் பக்கம் பார்க்கிற அப்பப்பா அதைப் போட்டிருக்க மாட்டார். அப்ப அவர் கணக்கிலயே இல்லை. சின்ன சைட் எண்டால், ஒரே ஒபிசில பத்துப் பேர் டூல்பாரைப் போட்டாலே நம்பர் துள்ளும். ஒரு லட்சத்துக்குப் பின்னால வாற ரேங்கை நம்பக்கூடாது எண்டு அலெக்ஸாவே எழுதி வைச்சிருந்தது. 2022 மே 1ஆம் திகதி அதை மூடியாச்சு. இண்டைக்கு சிமிலர்வெப் மாதிரி ஆக்கள் கூடின தரவுகளை வைச்சு அதே வேலையைச் செய்யினம். ஆனால் அதுவும் ஊகம்தான், சின்ன சைட்டுக்கு ஊகம் கூடப் பிழைக்கும்.

ஆர் சொன்னது?

ரெண்டாவது, பக்கத்துக்குப் போடுற ஸ்கோர். 90களில தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில இருக்கிற சொற்களைத்தான் பார்த்தவை. "ஹோட்டல்" எண்டு நூறு தரம் எழுதினால் முன்னுக்கு வரலாம். ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் லாரி பேஜ், செர்கி பிரின் ரெண்டு பேரும் 1998இல வேற வழி ஒண்டை எழுதிச்சினம்: ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லுறதை விடு, மற்றப் பக்கங்கள் அதுக்கு லிங்க் குடுக்குதா எண்டு பார். ஒரு லிங்க், ஒரு சிபாரிசு. அதுதான் பேஜ்ரேங்க். பெயரில இருக்கிற "பேஜ்" லாரி பேஜ்தான்.

கலியாணத்துக்கு போட்டோகிராஃபர் பிடிக்கிற மாதிரி யோசியுங்கோ. எல்லாரையும் "நல்ல பெடியன், நல்ல பெடியன்" எண்டு சொல்லுற மாமாவின்ர சிபாரிசுக்குப் பெறுமதி குறைவு. ஒரே ஒருத்தரை மட்டும் சொல்லுற பெரியம்மாவின்ர சொல்லுக்குப் பெறுமதி கூட. பேஜ்ரேங்கும் அப்பிடித்தான். ஸ்கோர் 60 இருக்கிற பெரிய சைட் 100 பேருக்கு லிங்க் குடுத்தால், ஆளுக்கு 0.6தான் போகும். ஸ்கோர் 6 இருக்கிற சின்ன சைட் மூண்டு பேருக்குக் குடுத்தால் ஆளுக்கு 2.

சரி, பெரியம்மாவுக்கு ஸ்கோர் போட்டது ஆர்? அவவுக்கு லிங்க் குடுத்த ஆக்கள். அவைக்கு? வட்டமாச் சுத்துது. அதுக்கு வழி: முதல்ல எல்லாருக்கும் ஒரே ஸ்கோர் குடு, லிங்க் வழியா பங்கு பிரி, திரும்பவும் பிரி. கொஞ்ச நேரத்தில நம்பர்கள் அசையாமல் நிக்கும். 26 மில்லியன் பக்கங்களுக்கு ஒரு நடுத்தரக் கம்ப்யூட்டரில சில மணித்தியாலத்தில செய்யலாம் எண்டு அவை எழுதிச்சினம்.

இதையே இன்னொரு மாதிரியும் பார்க்கலாம். வெப்பில சும்மா உலாத்துற ஆள் ஒருத்தர். நூறில 85 தரம், நிக்கிற பக்கத்தில இருக்கிற லிங்க் ஏதோ ஒண்டைக் கண்ணை மூடிக்கொண்டு அமத்துவார். மிச்சம் 15 தரம் அலுத்துப்போய் எங்கயோ பாய்வார். அவர் அடிக்கடி வந்து நிக்கிற பக்கத்துக்கு ஸ்கோர் கூட.

2000இல கூகிள் தன்ர டூல்பாரில இந்த ஸ்கோரை 0 முதல் 10 வரை எல்லாருக்கும் காட்டத் தொடங்கிச்சு. (மதுரையில பிறந்து சென்னையில வளர்ந்த சுந்தர் பிச்சை 2004இல கூகிளில சேர்ந்தாப்பிறகு வேலை செய்ததும் இந்த டூல்பாரிலதான்.) நம்பர் கண்ணில பட்டதும் வியாபாரம் தொடங்கிட்டுது. லிங்க் வித்தினம், லிங்க் வாங்கிச்சினம், கொமென்ட் பகுதிகளில குப்பை லிங்க் கொட்டிச்சினம். 2005இல "நோஃபாலோ" வந்தது: இந்த லிங்கை சிபாரிசா எண்ணாதே எண்டு தேடுபொறிக்குச் சொல்லுற அடையாளம். 2012இல வந்த "பெங்குவின்" மாற்றத்தோட காசுக்கு வாங்கின லிங்க் ஆக்களைக் கீழ தள்ளிச்சு. 2016இல அந்த ஸ்கோரை வெளியில காட்டுறதையே கூகிள் நிப்பாட்டிச்சு. உள்ளுக்குள்ள பேஜ்ரேங்க் இன்னும் இருக்கு, பல கணக்குகளில ஒண்டா.

அப்ப ரிப்போர்ட்டில வாற "அதோரிட்டி"? அது மோஸ் மாதிரி வெளிக் கம்பனிகள் தாங்களே கணக்குப் போடுற ஸ்கோர். கூகிள் அதைப் பாவிக்கிறதில்லை. அந்த நம்பரைக் காட்டிக் காசு கேட்டால் யோசியுங்கோ. மார்க்கம் ரோட்டில கடை இருந்தால், மேப்பில வாறதுக்கு கூகிள் தானே சொல்லுற விசயம் மூண்டு: தேடினதுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம். கடை திறக்கிற நேரத்தைச் சரியாப் போடுறதும், சாப்பிட்ட ஆக்களிட்ட ரிவியூ கேக்கிறதும் இலவசம்.

எங்கட சிபாரிசு எங்க போகுது?

இப்ப எங்கட கதை. யூனிகோட்டில தமிழ் 1991இலேயே வந்திட்டுது. ஆனாலும் புலம்பெயர்ந்த தமிழ் சைட்டுகள் கனகாலம் பாமினி ஃபொன்டில ஓடினது. பாமினியில "தமிழ்" எண்டு கண்ணுக்குத் தெரியிறது, உள்ளுக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். தேடுபொறிக்கு அது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துக் குழப்பம். "தமிழ்" எண்டு தேடினால் அந்தப் பக்கம் வராது. எழுதின ஆக்கள் இருந்தவை, வாசிச்ச ஆக்களும் இருந்தவை. தேடுபொறிக்கு மட்டும் ஒண்டும் இல்லை.

பாமினி போய்ட்டுது, பழக்கம் போகேல்லை. கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், ஊர்ச் சங்க ஒன்றுகூடல், எல்லாம் ஜேபெக் படம். நல்ல கட்டுரை ஒண்டு கண்டால் லிங்க் போறது வாட்ஸ்அப் குரூப்புக்கு. அந்தக் கதவுக்குள்ள தேடுபொறி வராது. ஃபேஸ்புக்கில போட்டாலும் பெரும்பாலும் நோஃபாலோதான். நாங்கள் சிபாரிசே செய்யிறதில்லை எண்டு சொல்ல ஏலாது. நல்லாவே செய்யிறம், ஆனால் எண்ணுறவர் இல்லாத இடத்தில.

இது வெறும் தேடல் பிரச்சினையும் இல்லை. ஏஐ மொடல்களைப் பழக்கப் பாவிக்கிற காமன் க்ரோல் தொகுப்பு, எந்தப் பக்கங்களை முதல்ல எடுக்கிறது எண்டு முடிவு செய்ய லிங்க் கணக்கையும் பார்க்குது. லிங்க் இல்லாத பக்கம் அங்கயும் பின்னுக்கு.

உங்களால செய்யக்கூடியது இருக்கு. 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணிப் போட்டுக்கொண்டிருக்கிற நூலகம் தளத்தில உங்கட ஊரைப் பற்றி ஏதும் இருக்கலாம். உங்களுக்கு ப்ளொக், ஸ்கூல் ப்ரொஜெக்ட் பக்கம், கடை வெப்சைட் ஏதும் இருந்தால் அங்கயிருந்து ஒரு லிங்க் குடுங்கோ. சங்கத்துக்கு போஸ்டர் செய்து குடுக்கிற ஆள் நீங்கள் எண்டால், படத்துக்குக் கீழ அதே விசயத்தை யூனிகோட்டில ரெண்டு வரி எழுதுங்கோ: பெயர், ஊர், திகதி.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்: அம்மம்மாவின்ர ஊர்ப் பெயரைத் தமிழில தேடுங்கோ. முதல் பத்தில என்ன வருது, எது வந்திருக்க வேணும் எண்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில வாசிக்கிறம்.